டாங்கியை விற்றுக் கட்டிய பள்ளிக்கூடம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் பாலர் பள்ளியில் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து, குழந்தைகளுக்காகத் திறக்கப் போவதாக எழுதியிருந்தாய். சுவருக்கு என்ன வண்ணம் அடிக்கலாம், எந்தக் கார்ட்டூன் படம் வரையலாம் என்றும் கேட்டிருந்தாய். வண்ணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் இத்தாலியில் நடந்த ஒன்றைக் கேள்.

1945-ஆம் ஆண்டு வசந்த காலம். இரண்டாம் உலகப் போர் அங்கே அப்போதுதான் ஓய்ந்திருந்தது. நாட்டின் வடக்கே ரெஜ்ஜோ எமிலியா என்ற நகரம். அதற்குச் சில கிலோமீட்டர் தள்ளி வில்லா செல்லா என்ற சிற்றூர். பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் அங்கே விட்டுவிட்டுப் போயிருந்தது. ஊர்க்காரர்கள் அவற்றை விற்றார்கள். அந்தப் பணத்தில் சிறு குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டுவதென்று முடிவு செய்தார்கள். விவசாயி ஒருவர் நிலம் கொடுத்தார். குண்டுவீச்சில் இடிந்த வீடுகளிலிருந்து செங்கல் வந்தது. மணல் ஆற்றிலிருந்து வந்தது. கட்டும் வேலையை ஊரே செய்தது.

செய்தி காதில் விழுந்ததும் 25 வயது ஆசிரியர் ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனார். பழைய செங்கற்களைப் பெண்கள் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆசிரியரின் பெயர் லோரிஸ் மலகுஸ்ஸி. 1994-இல் கண்மூடும் வரை அந்தப் பகுதிப் பள்ளிகளே அவர் வாழ்க்கையாயின.

1963-இல் ரெஜ்ஜோ எமிலியா நகராட்சியே பாலர் பள்ளி தொடங்கியது. அடுத்தடுத்துப் பல பள்ளிகள் வந்தன. அவற்றின் கட்டட அமைப்பைக் கொஞ்சம் நின்று கவனி. நடுவில் 'பியாத்ஸா' என்று ஒரு பொதுக்கூடம். இத்தாலிய ஊர்களில் சதுக்கம் எப்படியோ, பள்ளிக்குள் அது அப்படி: எந்த வகுப்புக் குழந்தையும் எந்த வகுப்புக் குழந்தையையும் அங்கே சந்திக்கலாம். சமையலறையை மூலையில் ஒளித்து வைப்பதில்லை. உள்ளே நடப்பது குழந்தைகளின் கண்ணுக்குத் தெரியும். 'அத்தெலியே' என்றொரு கைவேலைக்கூடமும் உண்டு. களிமண், கம்பி, சாயம், காகிதம் எல்லாம் குழந்தை தானே எடுக்கிற உயரத்தில் இருக்கும். கலை பயின்ற ஒருவர் அதற்கென்றே இருப்பார். டயானா என்ற பள்ளியில் வேயா வெக்கி என்பவர் 1970-லிருந்து 30 ஆண்டுகள் அந்தப் பணியைச் செய்தார். 1991-இல் நியூஸ்வீக் இதழ் உலகின் சிறந்த பள்ளிகளைப் பட்டியலிட்டபோது டயானாவையும் சேர்த்தது.

டயானாவில் உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த ஒரு கூடாரம் உண்டு. பக்கவாட்டில் பார்த்தால் முக்கோணம். உள்ளே ஒரு குழந்தை நுழைந்து உட்கார்ந்தால் தன்னைப் போலவே பலர் உட்கார்ந்திருப்பதைக் காணும். கையைத் தூக்கினால் அத்தனை கையும் எழும். நாக்கை நீட்டினால் அத்தனை நாக்கும் நீளும். யாரும் பாடம் நடத்தாமலே பிரதிபலிப்பு என்றால் என்ன என்று அது சோதிக்கத் தொடங்கிவிடுகிறது. அங்கே ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். மூன்றாவது ஆசிரியராக இடத்தையே எண்ணுகிறார்கள் என்பது இதனால்தான்.

லா வில்லெத்தா என்ற பள்ளியில் நடந்தது இன்னும் சுவையானது. பறவைகள் தண்ணீர் குடிக்கட்டும் என்று பள்ளித் தோட்டத்தில் முன்பே ஒரு சிறு குளம் இருந்தது. 1992-இல் அதை எப்படி மேம்படுத்தலாம் என்று பேச்சு வந்தது. பறவைகளுக்கென்று ஒரு பொழுதுபோக்குப் பூங்காவே அமைக்கலாம் என்றார்கள் குழந்தைகள். ஆசிரியர்கள் சிரித்து ஒதுக்கவில்லை. குழந்தைகளை நகரத்து நீரூற்றுகளைப் பார்க்க அழைத்துப் போனார்கள். தண்ணீர் மேலே எப்படி ஏறுகிறது என்று ஒவ்வொரு குழந்தையையும் வரைந்து காட்டச் சொன்னார்கள். குழந்தைகள் களிமண்ணில் நீரூற்று செய்தார்கள், காகிதத்தில் நீர்ச்சக்கரம் செய்தார்கள், சுற்றாதபோது பிரித்து மறுபடி செய்தார்கள். கடைசியில் பெரியவர்களின் உதவியோடு நீரூற்றுகளும் சக்கரங்களும் அந்தத் தோட்டத்தில் நிஜமாகவே ஓடின.

இனி உன் அறை. சுவரில் கார்ட்டூன் வேண்டாம், தங்கையே. வரைந்து முடித்த படத்தில் குழந்தைக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. வெளிர் நிறம் போதும். குழந்தைகள் வரைந்ததை அவர்கள் கண் உயரத்தில் ஒட்டு. வரையும்போது அவர்கள் சொன்னதையும் பக்கத்தில் எழுதி வை. அந்த ஊர்ப் பள்ளிகளின் சுவர்கள் அப்படித்தான் நிறைகின்றன.

விலை கொடுத்து நிறைய வாங்கவும் தேவையில்லை. ஆலைகளில் மிஞ்சும் துண்டுத் துணி, அட்டைக் குழாய், தோல், மரத்துண்டு ஆகியவற்றைச் சேகரித்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கவே ரெஜ்ஜோ எமிலியாவில் 1996-இல் ரெமிதா என்ற மையம் தொடங்கினார்கள். உன் தெருவிலும் தையல்கடையும் தச்சுப்பட்டறையும் இருக்கும், கேட்டுப் பார். கூர்முனையைத் தேய்த்துவிடு. வாயில் போட்டு விழுங்கிவிடக்கூடிய சிறு பொருள் எதுவும் சின்னதுகளின் கைக்கு எட்டக் கூடாது.

பாதியில் நிற்கும் வேலையை வைக்க ஒரு பலகை போடு. இன்று கட்டிய கோபுரத்தை மாலையில் கலைத்துவிட்டால், நாளை வரும் குழந்தை எதைத் தொடரும்? தண்ணீரும் களிமண்ணும் புழங்கும் மூலையைக் குழாய்க்குப் பக்கத்தில் வை. புத்தக மூலையை அதிலிருந்து தள்ளி, வெளிச்சம் விழும் இடத்தில் வை.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. அறையைக் காலி செய்ததும் முழங்காலிட்டு ஒரு சுற்றுச் சுற்றி வா. ஜன்னல் வழியாக உனக்கு மரம் தெரிகிறதா, வெறும் சுவர்தானா? அலமாரியின் எந்தத் தட்டு எட்டுகிறது? பார்த்ததைக் குறித்துக்கொள். மறுநாள் நாலைந்து குழந்தைகளை அந்தக் காலி அறைக்குள் விட்டு, இங்கே என்ன இருக்கலாம் என்று கேள். அவர்கள் சொல்வதைத் திருத்தாமல் அப்படியே எழுதி எனக்கு அனுப்பு. பெயின்ட் டப்பாவை அதற்குப் பிறகு திறக்கலாம்.

அன்புடன்,
உன் அக்கா