சேலத்துக்குக் குடிவரும் கீபோர்டுக்காரருக்கு: மேடையா, வகுப்பா?

ஒரு காலத்தில் சேலத்தில் கலைஞர்களுக்கு மாதச் சம்பளமே கிடைத்தது. 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா கம்பெனி கொடுத்தது. 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’க்கு ஜி. ராமநாதன் இசையமைத்ததும் அந்தக் கம்பெனிக்குத்தான். ஏற்காடு சாலையில் இப்போது அதன் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. இன்றைக்குக் கீபோர்டோடு வந்து இறங்குகிறவர் தன் வருமானத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேடை என்றால் ஆடியை வைத்துக் கணக்குப் போடுங்கள். முகூர்த்தம் இல்லாததால் கல்யாண வரவேற்புகள் அடங்கிவிடும் அந்த மாதத்தில்தான் சேலத்து மெல்லிசைக் குழுக்களுக்கு நிற்க நேரமிருக்காது. கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகையில் வண்டி வேடிக்கை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை என்று ஊரே இரவில் விழித்திருக்கும். புது ஆளுக்கு முதலில் கிடைப்பது, வராமல் போனவருக்கு மாற்றாக வாசிக்கிற இடம்தான். கௌரவம் பார்க்காமல் போங்கள். எல்.ஆர். ஈஸ்வரி பாடிய அம்மன் பாட்டுகள் விரலில் இருக்க வேண்டும். பாட்டு தொடங்கும் நேரத்தில் பாடகி திரும்பி, “அரைக் கட்டை இறக்கிக்கோங்கண்ணா” என்பார். அப்போது டிரான்ஸ்போஸ் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தால் அடுத்த புரோகிராமுக்கு போன் வராது. பேமென்ட்டோடு சாப்பாடு, திரும்பி வர வண்டி இரண்டையும் முன்னாடியே பேசிவிடுங்கள்.

வகுப்பில் இந்தப் பரபரப்பு இல்லை, காசும் மெதுவாகத்தான் சேரும். ஆனால் மார்கழியிலும் வரும். மாவட்ட அரசு இசைப்பள்ளி வாய்ப்பாட்டு, நாதஸ்வரம், தவில் என்று மரபிசைக்கானது. கீபோர்டுக்குப் பிள்ளைகள் வீட்டு வகுப்பைத்தான் தேடி வருகிறார்கள். டிரினிட்டி கிரேடு தேர்வுக்குத் தயார் செய்வீர்களா என்பது பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. எட்டு கிரேடுகளின் பாடத்திட்டத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதிப் பள்ளிகள் நிறைய. ஆண்டு விழாவுக்குக் கூப்பிடுவார்கள். அதை நம்பி அங்கே குடிபோக நான் சொல்லமாட்டேன். மார்க்குக்குப் பிறகுதான் அங்கே மற்றதெல்லாம். பத்தாம் வகுப்பு வந்ததும் கீபோர்டு பரணுக்குப் போய்விடும்.

குடும்பம், கடன் இருப்பவர் முதல் வருஷம் வகுப்பைப் பிடித்துக்கொண்டு, சனி ஞாயிறு மட்டும் மேடைக்குப் போகலாம். தனி ஆள் என்றால் ஆனியிலேயே வந்து, குழு நடத்துபவர்களை நேரில் பார்த்துவிடுவது நல்லது. வீட்டைப் புது பஸ் ஸ்டாண்டை ஒட்டிப் பாருங்கள், நாமக்கல்லில் புரோகிராம் முடிந்து நள்ளிரவில் இறங்கினாலும் வீடு பக்கம். மூன்றாவது மாடி மட்டும் வேண்டாம்: கீபோர்டு, ஸ்டாண்டு, ஆம்ப் மூன்றையும் தூக்கப்போவது நீங்கள்தான்.