பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு கணக்கு

ஒரு பாலம் நூறு வருஷம் தாங்குமா என்று கணக்குப் போடுவதற்கே நமக்கு வேர்த்து விடுகிறது. பத்தாயிரம் வருஷத்துக்குப் போடச் சொன்னால்?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், கார்ல்ஸ்பாட் ஊருக்கு அருகே, 655 மீட்டர் ஆழத்தில் உப்புப் பாறையைக் குடைந்து 'விப்' என்ற கிடங்கு அமைத்திருக்கிறார்கள். அணு ஆயுதத் தயாரிப்பில் புளூட்டோனியம் பட்ட கையுறை, துணி, கருவிகளை 1999 முதல் அங்கே இறக்குகிறார்கள். புளூட்டோனியம்-239-ன் அரை ஆயுள் சுமார் 24,100 வருஷம். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: பத்தாயிரம் வருஷம் கழித்தும் 100 கிராமில் 75 கிராம் அப்படியே மிச்சம்!

அதுவரை காத்திருந்து பார்க்க யாரால் முடியும்? அதனால்தான் கம்ப்யூட்டர். கிடங்கை மூடியபின் உப்புப் பாறை மெல்ல நகர்ந்து அறைகளை நெருக்கும், இரும்பு டிரம்கள் துருப்பிடித்து ஹைட்ரஜன் வரும், உப்புநீர் கசியும். இந்த வாயு, நீர் ஓட்டத்தைக் கணக்கிடும் புரோகிராம்தான் 'பிராக்ஃப்ளோ'. நாளைய மனுஷன் எண்ணெய் தேடித் துளை போட்டால்? அதுவும் கணக்கில் உண்டு.

பாறை எவ்வளவு நீரை விடும்னு ஒரே எண்ணில் சொல்ல முடியாது. எனவே ஒரு வரம்பு வைத்து, அதைச் சம வாய்ப்புள்ள துண்டுகளாக்கி, துண்டுக்கு ஒரு எண் எடுத்துப் பலமுறை ஓட்டுவார்கள். இதுக்கு லத்தீன் ஹைப்பர்கியூப் முறை என்று பெயர். விடை வாய்ப்பாகத்தான் வரும். சட்ட அளவை மீறிக் கசியும் வாய்ப்பு 10-ல் 1-க்கும், அதன் பத்து மடங்கை மீறும் வாய்ப்பு 1000-ல் 1-க்கும் குறைவாக இருக்க வேண்டும். இதுதான் பாஸ் மார்க்! ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனையும் உண்டு.

ஆனால் 2014 பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். நைட்ரேட் உப்புக் கழிவின் ஈரத்தை உறிஞ்ச, களிமண் வகைக்குப் பதிலாகக் கோதுமையில் செய்த பூனை மணலைப் போட்டுவிட்டார்கள். நைட்ரேட்டும் அதுவும் சேர்ந்து சூடேறி, ஒரு டிரம் உடைந்து கதிர்வீச்சு கசிந்தது. 2017 ஜனவரியில்தான் மறுபடி கழிவு இறக்க முடிந்தது.

புரோகிராம் மேல் தப்பில்லை. அது கிடங்கை மூடியபின் நடப்பதைப் பார்ப்பது. ஆனால் டிரம்முக்குள் என்ன இருக்குன்னு எழுதித் தருவது மனுஷன்தானே? எழுதியது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்றால் எந்தக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும்?

லேபில் விடைக்கு ஏத்த மாதிரி ரீடிங்கை மாத்தி எழுதுற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அடுத்த தடவை பேனாவை எடுக்கும்போது அந்த டிரம்மை நினைச்சுக்குங்க, நண்பர்களே!