வேரின் வேலையைக் காடாத்துணியில் அளப்பது

திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய பொதட்டூர்பேட்டையில் விசைத்தறித் துணிக்கும் சுற்றுப்புற நிலங்களில் வேர்க்கடலைக்கும் கரும்புக்கும் குறைவில்லை என்பதால், தழையும் கரும்புச் சோகையும் மண்ணில் மட்குவதில் பயிரின் வேருக்குள்ள பங்கை அங்குள்ள உழவர் ஆய்வகமின்றியே அளந்தறியலாம். பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ், அதாவது சோகையிலும் மிகுந்துள்ள நார்ப்பொருள். சோகையைப் போலவே அதிலும் தழைச்சத்து மிக அரிது. ஆகவே சோகைக்குப் பதிலாகப் பருத்தித் துணியைப் புதைத்து, அது வேரருகே எவ்வளவு நைகிறது என்று பார்க்கலாம்.

உயிருள்ள வேர் சர்க்கரை, கரிம அமிலம், அமினோ அமிலம் ஆகியவற்றை மண்ணில் கசியவிடுகிறது. அக்கசிவால் நுண்ணுயிர்கள் பெருகும் மெல்லிய மண்பகுதியே வேர்மண்டலம். இக்கருத்தை 1904இல் ஜெர்மானிய அறிஞர் லோரென்ஸ் ஹில்ட்னர் முன்வைத்தார். எளிய உணவால் பெருகிய நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தேடி நொதிகளைச் சுரந்து பழைய மட்கையும் உடைக்கத் தொடங்குவது தூண்டல் விளைவு எனப்படும். ஆயினும் வேர் ஈரத்தை வற்றச்செய்தாலோ, தழைச்சத்துக்கு நுண்ணுயிர்களோடு போட்டியிட்டாலோ மட்குதல் தளரவும் கூடும். எது மேலோங்கும் என்பது நிலத்துக்கு நிலம் மாறும்.

முதலில் வெளுக்காத, கலப்பற்ற காடாத்துணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் இழையைக் கொளுத்தினால் பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். பாவுக்கு ஏற்றிய கஞ்சி துணியில் எஞ்சியிருந்தால் நுண்ணுயிர்கள் அந்த மாவுச்சத்தை முதலில் தின்று கணக்கைக் குழப்பும்; எனவே துணியைக் கொதிநீரில் இட்டு, பிசுபிசுப்பு நீங்கும்வரை பலமுறை அலசுவது கட்டாயம். உலர்ந்தபின் ஒரே அளவில் பத்துத் துண்டுகள் நறுக்கி, நகை எடைபோடும் சிறு தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துக் குறித்து, மட்காத பாலியஸ்டர் நூலில் அடையாளம் கட்ட வேண்டும்.

ஆடிப்பட்டத்தில் விதைத்த வேர்க்கடலை ஒரு மாதப் பயிரானதும், ஐந்து துண்டுகளைச் செடியை ஒட்டியும், ஐந்தைச் செடியும் களையும் அகற்றி வேர் எட்டாதபடி ஒதுக்கிய இடத்திலும், பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் செங்குத்தாகப் புதைக்கலாம். பெரும்பாலும் பிழை நேர்வது இங்கேதான். செடியற்ற இடத்தில் மேல்மண் வெயிலில் காயும், அடிமண்ணில் ஈரம் தங்கும். ஈரம் மாறினால் அளப்பது வேரை அன்று, ஈரத்தையே. ஆகவே அவ்விடத்தைத் தென்னங்கீற்றால் நிழலிட்டு, இரு இடத்து மண்ணையும் அடிக்கடி கையில் பிடித்துப் பார்த்து, காய்ந்த பக்கத்துக்கு நீர்விட்டு ஈரத்தைச் சமன்செய்ய வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அகழ்ந்தெடுக்கும் துணியில் மஞ்சளும் கருமையுமாகப் படியும் கறைகள் பெரும்பாலும் பூஞ்சையின் வேலை. மெல்ல அலசி, உலர்த்தி, நிறுத்து, இரு முனையையும் இழுத்தும் பார்க்க வேண்டும். எடை குறையுமுன்பே துணியின் வலு குறைந்துவிடுவதால், இழுவை பல நேரங்களில் தராசைவிடத் தெளிவாகச் சொல்லும். செடியையும் பிடுங்கி, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால், உள்ளே இளஞ்சிவப்பு தெரிவது ரைசோபியம் பாக்டீரியா தழைச்சத்தை நிலைப்படுத்தி வருவதைக் காட்டும்.

வேரருகே துணி விரைவில் நைந்திருந்தால், அந்நிலத்தில் வேர் மட்குதலைத் தூண்டுகிறது எனலாம். அத்தகைய நிலத்தில் பழைய மட்கும் கரையக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் தொழு உரமிடுவதைத் தவிர்க்கலாகாது. ஈரம் சமமாக இருந்தும் வேரருகே துணி நையாதிருந்தால் தழைச்சத்துப் பற்றாக்குறையை ஐயுறலாம். முடிச்சும் வெளிறியிருந்தால் ஐயம் வலுக்கும், மண் பரிசோதனை அதைத் தெளிவாக்கும்.

தழைச்சத்துக்கான இதே போட்டி கரும்பு வயலிலும் நேரும். கரும்புச் சோகையில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ நூறு பங்கு கரிமம் இருப்பதால், அதை உழுது புதைத்தவுடன் நட்டால் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, பயிர் வெளிறும். கட்டைக்கரும்பில் சோகையைக் கொளுத்தாமல் பார்களுக்கிடையே பரப்பி, இடையே சணப்பை விதைத்து, பூக்கத் தொடங்கும்போது ஏறக்குறைய 45ஆம் நாளில் அறுத்துச் சோகையின் மேலேயே பரப்பி நீர்பாய்ச்சுவது நல்ல வழி. சணப்பையின் வேரைப் பிடுங்காமல் மண்ணிலேயே விட்டுவிட வேண்டும்.