கூரைக் கரண்டுக்குக் கூலி என்ன?

மின்னியல் துறையினர் மட்டுமல்ல, கட்டடவியல், இயந்திரவியல் நண்பர்களும் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கை எழுதுகிறேன். கூரையிலும் வயலிலும் சூரிய மின்சாரம் எடுப்பவருக்கு மின் வாரியம் என்ன விலை தருவது நியாயம்?

எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். அதனால் மறைமலை நகரில் எங்கள் தெருவில் யாருக்குக் கரண்டு பில் புரியவில்லை என்றாலும், "தம்பி, இதக் கொஞ்சம் பாரு" என்று என்னிடம்தான் நீட்டுகிறார்கள்.

நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் தகடு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்தில் 720 யூனிட். வீட்டுச் செலவு 600 என்போம். அதில் பகலில் தகட்டிலிருந்தே 200, இரவில் லைனிலிருந்து 400. மிச்சம் 520 லைனுக்குப் போகிறது. வாங்கும் விலை 6 ரூபாய், விற்கும் விலை 3 ரூபாய் என்று கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம். இலவச யூனிட், ஸ்லாப் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

1. நெட் மீட்டரிங்: யூனிட்டுக்கு யூனிட் கழிவு. 400 போக 120 யூனிட் நம் வரவில். யூனிட் கட்டணம் இல்லை.
2. நெட் பில்லிங்: 2,400 ரூபாய்க்கு வாங்கி, 1,560 ரூபாய்க்கு விற்கிறோம். கட்ட வேண்டியது 840.
3. கிராஸ் மீட்டரிங்: 720 யூனிட்டும் விற்பனை, 600 யூனிட்டும் கொள்முதல். கட்ட வேண்டியது 1,440.

தகடும் அதேதான், வெயிலும் அதேதான். எண்ணும் முறைதான் வேறு.

தமிழகத்தில் நடந்ததைப் பாருங்கள். 2012 கொள்கை நெட் மீட்டரிங் தந்தது. ஆனால் வருடச் செலவில் 90 சதவீதம் வரைதான் கழிவு என்று 2013-இல் ஒழுங்குமுறை ஆணையம் வரம்பு வைத்தது. 2019 கொள்கை இரண்டாவது முறையை ஒத்த 'நெட் ஃபீட்-இன்' முறைக்கு மாறியது. 2021 விதிமுறைகளில் வீடுகளுக்கு நெட் மீட்டரிங் திரும்ப வந்தது. பத்து வருடத்துக்குள் இத்தனை மாற்றம்! கடன் வாங்கித் தகடு போடுபவரோ 20, 25 வருடத்தை நம்பிப் போடுகிறார். 2024-இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் மானியம் ஒரு தடவை, பில் காலமெல்லாம் வரும்.

விவசாயி கதை வேறு. 1990 முதல் நம் மாநிலத்தில் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் பயிர் வைக்கும் என் பெரியப்பா, "சும்மா வர்ற கரண்டுக்கு எதுக்குடா தகடு?" என்கிறார். அவருக்குக் கழிக்க பில்லே இல்லை. உபரியை விற்றால்தான் லாபம். குஜராத்தில் கேடா மாவட்டம் துண்டி கிராமத்தில் 6 விவசாயிகள் கூட்டுறவு அமைத்து, 2016 முதல் யூனிட் 4.63 ரூபாய்க்கு விற்றார்கள். ஒப்பந்தம் 25 வருடத்துக்கு. மேற்கொண்டு சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் ஊக்கத்தொகையும் கொடுத்தது. கரண்டுக்கு விலை இருந்தால் வீணாக மோட்டார் ஓட்ட மனம் வராது. நிலத்தடி நீரும் மிஞ்சும்.

வாரியத்தின் பக்கமும் நியாயம் உண்டு. கம்பி, டிரான்ஸ்பார்மர், இரவு மின்சாரம் எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறது. பகலில் உபரி தருபவர், தட்டுப்பாடான மாலையில்தான் திரும்பக் கேட்கிறார். தகடு வைத்தவர் ஒன்றுமே கட்டாவிட்டால் அந்தச் சுமை, எங்களைப் போல் வாடகை ஷீட் வீட்டில் இருப்பவர் தலையில் விழும்.

ஆகவே என் கருத்து இது: தகடு போட்ட நாளின் விதி அவருக்குக் குறித்த காலம் வரை மாறக் கூடாது. ஜெர்மனி 2000-இல் போட்ட சட்டம் 20 வருடம் விலை உறுதி தந்தது. கம்பிக்கான செலவைத் தனியாக, வெளிப்படையாகக் கேட்கலாம். உபரிக்குப் பணம் தவணை தவறாமல் வர வேண்டும்.

நண்பர்களே, தகடு உள்ள வீட்டுக்குப் போனால் மீட்டரில் 'இம்போர்ட்', 'எக்ஸ்போர்ட்' இரண்டையும் குறித்து, இந்தக் கணக்கை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். நாம் படித்த படிப்பு முதலில் நம் தெருவுக்கு உதவட்டும்.