பெரக்கரை நாட்டு வீட்டுக்கு ஏற்ற சேமிப்புப் பெட்டி

வீட்டு நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி என்பது ஹார்ட் டிஸ்க் செருகிய ஒரு சிறு கணினி. கடைகளில் இதை 'நாஸ்' என்பார்கள். கேபிள் வழியாக ரவுட்டருடன் சேர்த்துவிட்டால் வீட்டிலுள்ள கைபேசி, மடிக்கணினி, டிவி எல்லாம் ஒரே இடத்தில் படங்களைச் சேர்க்கலாம், அங்கிருந்தே பார்க்கலாம். இன்டர்நெட் இல்லாத நாளிலும் வீட்டுக்குள் இது வேலை செய்யும். கொல்லிமலையின் பெரக்கரை நாட்டில் இருக்கும் வீட்டுக்கு மற்ற வசதிகளைவிட இதுவே பெரிது.

எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிடலாம் என்ற ஆலோசனை, நகரத்து ஃபைபர் இணைப்பை மனதில் வைத்துச் சொல்லப்படுவது. சிம் போட்ட ரவுட்டரில் மேலேற்றும் வேகம் நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், 1 டிபி ஏறி முடிய இரவு பகல் நிற்காமல் 18 நாளுக்கு மேல் ஆகும். கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாகச் சேர்த்துக்கொண்ட காலமும் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது மெயிலும் சேர்த்து இலவசம் 15 ஜிபிதான். மலை வீட்டுக்குப் பெட்டி வாங்குவது ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பெட்டிக்குள் முதலில் போக வேண்டியவை சினிமாக்கள் அல்ல. சாதிச் சான்றிதழ், பட்டா, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் ஸ்கேன், கல்யாண வீடியோ, தாத்தா பாட்டி பேசிய பதிவுகள் ஆகியவையே முதல் வரிசை. திருப்பூரிலோ நாமக்கல்லிலோ இருக்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களை அப்படியே சேர்ப்பதில் ஒரு குறை உண்டு. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த தேதியும் அதில் தங்காது. 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் இரண்டும் தப்பும்.

பெட்டியில் இரண்டு டிஸ்க்குக்கு இடம் இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும். ஒவ்வொன்றும் 4 டிபியாகப் போடலாம். ரவுட்டரின் போர்ட் கிகாபிட்டாக இருக்க வேண்டும். பழைய 100 மெகாபிட் போர்ட்டில் 1 டிபி நகல் எடுக்க ஏறக்குறைய ஒரு முழு நாள் போகும், கிகாபிட்டில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். டிஸ்க் வாங்கும்போது 'சி.எம்.ஆர்.' வகையா என்று கேட்டு வாங்க வேண்டும். 'எஸ்.எம்.ஆர்.' வகையில் பதிவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பதால், தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும். நாஸ் டிஸ்க் என்று விற்கப்பட்ட சிலவற்றிலேயே இந்த வகை இருந்தது 2020-இல் வெளிவந்து பெரும் சர்ச்சையானது.

குடும்பங்கள் படங்களை இழப்பது டிஸ்க் பழுதால் மட்டும் அல்ல, 'ரெய்டு' என்பதைத் தவறாகப் புரிந்துகொள்வதாலும்தான். 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் இந்தப் பெயரில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலை மலிந்த பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரு பெரிய டிஸ்க்கின் வேலையை வாங்குவது, அவற்றில் ஒன்று செத்தாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் அதன் நோக்கம். 'ரெய்டு 1' என்ற முறையில் இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதுகிறார்கள். கடையில் இதைக் காட்டி, 'இரண்டு டிஸ்க் இருக்கிறதே, தனியாக பேக்கப் எதற்கு' என்று சொல்லி விற்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நம்பியதால் பத்து வருடப் படங்களைப் பறிகொடுத்த வீடுகள் உண்டு.

இழப்பு நேர்வது இப்படி. பெட்டியை அமைத்துத் தருகிறவர் கைபேசியில் 'சிங்க்' போட்டுவிட்டுப் போகிறார். கைபேசியில் இடம் நிறைகிறது. படம் எல்லாம்தான் பெட்டியில் இருக்கிறதே என்று வீட்டில் யாரோ பழையதை அழிக்கிறார்கள். சிங்க் என்பது இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் ஏற்பாடு. இங்கே அழிந்தால் அங்கேயும் அழிக்கும். பெட்டி முதல் டிஸ்க்கில் அழிக்கும் அதே நொடியில் இரண்டாவதிலும் அழித்துவிடும். எந்தக் கருவியும் பழுதாகவில்லை. ஒவ்வொன்றும் தனக்குச் சொன்ன வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. குப்பைத்தொட்டி வசதி இயக்கப்படாமல் இருந்தால் மீட்க வழியே இல்லாமல் போகலாம்.

ஆகவே கைபேசியில் 'ஒரு வழி பேக்கப்' மட்டும் போட வேண்டும். பெட்டியில் 'ஸ்னாப்ஷாட்' எடுக்கும் வசதி இருக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையை இது பிடித்து வைக்கும். அதற்குப் பின் மாறிய பகுதிக்கு மட்டுமே கூடுதல் இடம் எடுக்கும். இசட்.எஃப்.எஸ். அல்லது பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறை உள்ள பெட்டிகளில் இது கிடைக்கும், மலிவு மாடல்கள் பலவற்றில் கிடைக்காது. கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த ஒரே அம்சம் இது. வேகமான பிராசசருக்கும் டிவி ஆப்புக்கும் கொடுப்பது வீண்.

ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வெளியே ஒரு நகல் இல்லாமல் முடியாது. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி சொல்வதும் இதையே: மூன்று நகல், இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறிடத்தில். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் அதோடு போயின. மலை வீட்டுக்கு எளிய வழி, இரண்டு யு.எஸ்.பி. டிஸ்க்குகள். ஒன்று வீட்டில் நகல் எடுக்க, மற்றது சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ உள்ள உறவினர் வீட்டில். வல்வில் ஓரி விழா நடக்கும் ஆடி 18-க்கும் பொங்கலுக்கும் சொந்தங்கள் வரும்போது மாற்றிக்கொள்ளலாம். நகல் எடுக்காத நேரத்தில் டிஸ்க் பெட்டியோடு செருகி இருக்கக் கூடாது.

அடுத்தது கரண்ட். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்பு அட்டவணையே கெடலாம். வீட்டு இன்வெர்ட்டரில் 'யு.பி.எஸ்.' நிலைக்குச் சுவிட்ச் இருந்தால் அதில் வைக்க வேண்டும். மற்ற நிலையில் மாறும் இடைவெளி அதிகம், பெட்டி அணைந்துவிடக்கூடும். யு.எஸ்.பி. கேபிளோடு வரும் சிறிய யு.பி.எஸ். இன்னும் நல்லது, பேட்டரி தீரும் முன் பெட்டியை முறையாக அணையச் சொல்லும். இரண்டு டிஸ்க் பெட்டிக்கு இரண்டு மாதத்தில் 20 முதல் 30 யூனிட் ஆகும். இடி இடிக்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. கூரைமேல் ஆன்டெனா இருந்தால் நெட்வொர்க் கேபிள் வழியாகவும் மின்னல் இறங்கும். அதையும் கழற்ற வேண்டும். சமையலறைச் சுவரும் ஈரம் ஊறும் சுவரும் பெட்டிக்கு ஆகாது.

வெளியூரிலிருந்து பார்ப்பதற்காகப் பெட்டியை நேரடியாக இன்டர்நெட்டில் திறந்துவிடக் கூடாது. 2021 ஜூனில் பழைய 'மை புக் லைவ்' பெட்டிகள் இப்படித்தான் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' கும்பல் கியூநாப் பெட்டிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. தேவைப்பட்டால் வி.பி.என். என்ற பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பின் வழியே மட்டும் வரலாம்.

டிஸ்க் என்றாவது சாகும். நாஸ் டிஸ்க்குகளின் உத்தரவாதம் பெரும்பாலும் 3 ஆண்டு. ஒன்றை மாற்றியதும் பெட்டி மற்றதிலிருந்து முழுவதையும் நகல் எடுக்கத் தொடங்கும். 4 டிபிக்கு 7, 8 மணி நேரமாவது வேண்டும், அதுவரை மிஞ்சியிருக்கும் ஒற்றை டிஸ்க்கில்தான் எல்லாம் இருக்கும். ஆகவே மாற்றுவதற்கு முன் யு.எஸ்.பி. டிஸ்க்கில் புது நகல் எடுத்து, அதிலிருந்து சில படங்களைத் திறந்து பார்த்துவிட்டு, மழை இல்லாத நாளில் இன்வெர்ட்டர் பேட்டரி நிறைந்திருக்கும்போது வேலையைத் தொடங்க வேண்டும்.