முத்திரைத்தாளில் அடுத்தவர் நகல் விழாமல் இருக்க

வாலாஜாபாத்தில் பத்திரம் எழுதும் அலுவலகம் ஒன்றை வைத்துக்கொள்வோம். நாலு கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரே லேசர் பிரிண்டர். கிரயப் பத்திரத்துக்காக முத்திரைத்தாளைச் செருகிவிட்டு மேசைக்குத் திரும்புவதற்குள், பக்கத்து மேசையிலிருந்து கொடுத்த பட்டா நகல் அதன்மேல் அச்சாகிவிடுகிறது. கட்சிக்காரர் பணம் கட்டி வாங்கிய தாள் அது. பதிவுக்கு டோக்கன் போட்ட நேரம் வேறு நெருங்குகிறது.

இதற்காக இன்னொரு பிரிண்டர் வாங்க வேண்டியதில்லை. இருக்கிற பிரிண்டரையே, அதே போர்ட்டில், வேறு பெயரில் விண்டோஸில் இரண்டாம் முறை சேருங்கள். ஒன்றுக்கு ‘ஏ4’, மற்றதற்கு ‘பத்திரம்’ என்று பெயர் வையுங்கள். இயந்திரம் ஒன்றுதான், வரிசை இரண்டு. ‘பத்திரம்’ வரிசைக்கு லீகல் அளவும் கையால் தாள் செருகும் வழியும் நிலையாக இருக்கட்டும். பத்திரம் அடிக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் அது தெரிந்தால் போதும். ‘ஏ4’ வரிசையில் தாள் எடுக்கும் இடம் கீழ் டிரே என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். ஆட்டோ என்று விட்டுவிட்டால் பல பிரிண்டர்கள் கையால் செருகிய தாளைத்தான் முதலில் இழுக்கும். பட்டா நகல் முத்திரைத்தாளில் விழுவது பெரும்பாலும் இப்படித்தான். இந்த ஏற்பாடு செய்த பிறகும், முத்திரைத்தாளைச் செருகும் முன் ‘ஏ4’ வரிசையைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதே (Pause) என் சிபாரிசு.

ஆனால் வரிசை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் நேரடியாக பிரிண்டருக்கு அனுப்பினால் ஆளுக்கொரு வரிசை. ஒருவர் அனுப்பியது மற்றவருக்குத் தெரியாது, நிறுத்தவும் முடியாது. காலையில் முதலில் போடும் கம்ப்யூட்டரில் இரண்டு வரிசைகளையும் வைத்து, மற்றவர்களுக்கு அங்கிருந்தே ஷேர் கொடுங்கள். அது ஸ்லீப்புக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை நடுவில் சிக்கிக்கொண்டால் எல்லோரும் பிரிண்ட் பட்டனை மறுபடி மறுபடி அழுத்துகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அத்தனையும் வரிசையில் சேர்ந்து, பிறகு மொத்தமாகக் கொட்டும். முதலில் வரிசையைத் திறந்து தலையில் நிற்பதை நீக்கிப் பாருங்கள். நீங்காவிட்டால், சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளை மட்டும் அழித்து, ஸ்பூலரை மறுபடி ஓடவிடுங்கள். காத்திருக்கும் எல்லோருடைய வேலையும் இதில் போய்விடும். முதலில் குரல் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

கரண்ட் போய் வந்ததும் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று காட்டினால், ரூட்டர் அதற்குப் புது ஐபி முகவரி கொடுத்திருக்கலாம். ரூட்டரில் ஒரே முகவரியை பிரிண்டருக்கென்று ஒதுக்கிவைத்தால் இந்தத் தொல்லை வராது. ஒதுக்கிய முகவரிக்கே இரண்டு வரிசைகளின் போர்ட்டையும் மாற்றிவிடுங்கள். லேசர் பிரிண்டரைச் சின்ன யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். உள்ளே சூடாகும் பாகம் இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது.

வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பத்திரங்கள் வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் குலைந்துபோகும். தட்டச்சு செய்த இடத்திலேயே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். முத்திரைத்தாளுக்குப் போகும் முன் அதை வெள்ளைத்தாளில் அடித்து, இரண்டையும் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முதல் வரி முத்திரைக்குக் கீழேதான் விழுகிறதா என்று பாருங்கள்.