ஸ்வரம் எழுதத் தெரியாமல் பாட்டு கட்டுவது எப்படி?

மனசுக்குள் ஒரு மெட்டு ஓடுகிறது, அதற்குப் பொருந்தி இரண்டு வரியும் வந்துவிட்டது. ஆனால் ஸ்வரம் எழுதத் தெரியாது, மேற்கத்திய இசைக்குறிப்பும் படிக்கத் தெரியாது என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நிற்கத் தேவையே இல்லை. நம் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் வாய்வழியாகவே பிறந்து வளர்ந்தவை. அமெரிக்காவில் ஏறத்தாழ 1,500 பாடல்கள் எழுதிய இர்விங் பெர்லினுக்கு இசைக்குறிப்பு தெரியாது. அவர் பியானோவில் வாசித்துக் காட்ட, உதவியாளர்கள் எழுதிக்கொண்டார்கள். பீட்டில்ஸ் இசைக்குழுவினரும் குறிப்பு எழுதத் தெரியாமலேதான் பாடல்கள் உருவாக்கினார்கள்.

இசைக்குறிப்பு செய்யும் வேலைகள் நான்கு. மெட்டை மறக்காமல் காப்பது, அதன் கால அளவைச் சொல்வது, இன்னொருவர் வாசிக்க வழிசெய்வது, இது இன்னாருடையது என்பதற்குச் சாட்சியாக இருப்பது. நான்குக்கும் வேறு வழி உண்டு. அந்த வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. யார், யாரிடம் பாடுகிறார்?

‘மழை’ என்பது வெறும் தலைப்பு. மழை பொய்த்த ஊரில் ஒரு விவசாயி மேகத்தை அழைக்கிறார் என்று வைத்தால் பாட்டு தொடங்கிவிடுகிறது. அவர் சொல்லக்கூடிய ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: “மேகமே வந்து நில்லு.” வாய்விட்டுப் பலமுறை சொல்லுங்கள். அதிகாரமாக, கெஞ்சலாக, களைத்துப்போன குரலில் சொல்லிப் பாருங்கள். குரல் தானாக ஏறும் இடமும் இறங்கும் இடமும்தான் மெட்டின் கரு.

2. தாளத்தில் நிறுத்துங்கள்

ராகத்துக்கு முன் நடையை, அதாவது ஒரு தட்டுக்குள் எத்தனை எண்ணிக்கை என்பதை, முடிவு செய்யுங்கள். தகதிமி என்றால் நான்கு, தகிட மூன்று, தகதகிட ஐந்து, தகிட தகதிமி ஏழு. கையால் தட்டிக்கொண்டே அதே வரியை முதலில் நான்கிலும் பிறகு மூன்றிலும் சொல்லுங்கள். நான்கில் நடந்துபோகும் வரி மூன்றில் ஆடத் தொடங்கும். எது உங்கள் விவசாயிக்குப் பொருந்துகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வரி தாளத்தின் முதல் தட்டிலேயே தொடங்குகிறதா, சற்றுத் தள்ளி எடுக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இதுதான் எடுப்பு. எடுப்பை மாற்றினால் பழகிய வரிகூடப் புதிதாகக் கேட்கும்.

3. சுருதியோடு பதிவு செய்யுங்கள்

கைப்பேசியில் தம்புரா செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சுருதியின் உயரத்தைக் கட்டை என்பார்கள். ஆண் குரலுக்கு 1 கட்டை, பெண் குரலுக்கு 5 கட்டை என்ற வட்டாரத்தில் தொடங்கி, தொண்டைக்கு இதமான இடத்துக்கு மாற்றுங்கள். சுருதி இல்லாமல் முணுமுணுத்தால் மெட்டு தெரியாமலே மேலும் கீழும் நகர்ந்துவிடும். மறுநாள் கேட்கும்போது எது சரியென்று பிடிபடாது.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, பாட்டின் பெயர், கட்டை மூன்றையும் வாயால் சொல்லுங்கள். தட்டும் ஒலியும் பதிவில் கேட்க வேண்டும். பிடிக்காத பதிவையும் அழிக்காதீர்கள். இன்று தள்ளிய திருப்பம் நாளை சரணத்துக்கு உதவலாம்.

4. தத்தகாரம் போட்டு வரி எழுதுங்கள்

குறிப்பு தெரியாதவருக்குத் தமிழ் தரும் பெரிய துணை இதுதான். மெட்டைச் சொல் இல்லாமல் ‘தன்னானே’ என்று பாடுவதுதான் தத்தகாரம். அப்படிப் பாடினாலே அதன் அளவு தெரிந்துவிடும். அருணகிரிநாதரின் திருப்புகழை அச்சிடும்போது பாட்டின் தலையில் ‘தனன தத்தன’ என்று ஓசை அளவைக் காட்டும் சந்தக் குழிப்பைத் தருவது வழக்கம். திரையில் மெட்டுக்குப் பாட்டு எழுதும் கவிஞர்களும் தத்தகாரத்தைக் கேட்டுத்தான் எழுதுகிறார்கள். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கு ‘எஸ்டர்டே’ பாட்டின் மெட்டு கனவில் வந்தது. உரிய சொற்கள் கிடைக்கும்வரை தத்தகாரம்போல முட்டைப் பொரியலைப் பற்றிய சும்மா வார்த்தைகளை வைத்துப் பாடிவந்தார். பாட்டு 1965இல் வெளிவந்தது.

நம் வரியின் தத்தகாரம் ‘தானனா தன்ன தன்ன’. அடுத்த வரியும் இதே அளவில் அமைய வேண்டும். “ஏரியில் தண்ணி இல்ல” என்று எழுதலாம், அளவும் ஏறக்குறைய நிற்கும். ஆனால் மெட்டு மூன்றாவது எழுத்தில் நீள்கிறது. அங்கே ‘மே’ இழுபடும், ‘யில்’ இழுபடாது. “தாகமோ தீர வில்ல” என்றால் ‘மோ’ நன்றாக நீளும். மேகம், தாகம் என்று எதுகையும் அமைகிறது. ‘தன்ன’ இருந்த இடத்தில் ‘தீர’ வந்தாலும் தாளம் தடுமாறாது. குறிலோடு ஒற்று சேர்ந்தால் நெடிலுக்கு ஈடாக நிற்கும்.

நீளும் ஸ்வரத்தில் நெடிலை வையுங்கள். குறிலை இழுத்தால் பொருளே கெடும். மலை மாலையாகும், விதி வீதியாகும், படம் பாடமாகும். கேட்பவர் அந்த நொடியில் பாட்டை விட்டு வெளியே வந்துவிடுவார்.

5. பல்லவியிலிருந்து சரணத்துக்கு

பல்லவி இரண்டு முதல் நான்கு வரிகள் போதும். சரணத்தின் முதல் வரியைப் பல்லவியைவிடச் சற்று மேலே எடுங்கள். புதிய செய்தி வருகிறது என்று காதுக்குத் தெரியும். சரணத்தின் கடைசி வரி பல்லவியைத் தொட இறங்கிவர வேண்டும். இரண்டாம் சரணம் முதல் சரணத்தின் மெட்டிலேயே இருக்கட்டும், ஆனால் கதை ஓர் அடியாவது முன்னே போகட்டும்.

6. உங்களுக்கென்று ஒரு படம்

தாளில் ஒரு வரிக்கு எட்டுக் கட்டங்கள் போடுங்கள். ஒரு கட்டம் ஒரு தட்டு. அசைகளை உரிய கட்டத்தில் எழுதுங்கள். குரல் ஏறினால் மேல்நோக்கி ஒரு கோடு, இறங்கினால் கீழ்நோக்கி. நீளும் இடத்தில் காற்புள்ளி, மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு சிறு கோடு. பதிவைக் கேட்டபடி இதைப் பார்த்தால் யாரும் பாடிவிடலாம்.

7. சோதனை

பதிவைக் கேட்காமல் மறுநாள் காலையில் பாடிப் பாருங்கள். தடுக்கும் இடத்தில் மெட்டோ சொல்லோ இன்னும் சரியாக உட்காரவில்லை. பிறகு வேறொருவரைப் பாடச் சொல்லுங்கள். அவர் ஓரிடத்தைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பாடினால், வாய்க்கு எளிதான வழியை அவர் காட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிறையப் பாட்டு கேட்பவர்களிடம் போட்டுக்காட்டி, பழைய மெட்டின் சாயல் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

8. இசைக்கலைஞரிடம் கொடுக்கும்போது

சுருதியோடு பாடிய தெளிவான பதிவு, வரிகள், கட்டப்படம் மூன்றையும் கொடுங்கள். கட்டை, நடை, எடுப்பு, மெட்ரோனோம் செயலி காட்டும் வேக எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள். கீபோர்டோ கிட்டாரோ வாசிப்பவர் மெட்டுக்குப் பொருந்தும் கார்டுகளைக் (chords) கண்டுபிடித்துவிடுவார். மெட்டில் எந்த இடம் மாறவே கூடாது என்பதை மட்டும் முன்பே பாடிக்காட்டுங்கள்.

9. உரிமை

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் முதலில் எழுத்திலோ அச்சிலோ குறிக்கப்பட்ட இசையை மட்டுமே இசைப் படைப்பாக ஏற்றது. 1994ஆம் ஆண்டின் திருத்தம் அந்த நிபந்தனையை நீக்கியது. பாடிப் பதிந்த உங்கள் மெட்டுக்கும் இன்று சட்டத்தில் இடம் உண்டு. வரிகளுக்குத் தனி உரிமை, மெட்டுக்குத் தனி உரிமை. இரண்டும் ஆசிரியரின் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் தேதியுள்ள மூலப் பதிவுகளைப் பத்திரப்படுத்துங்கள். சேர்ந்து உருவாக்கினால் யார் எதைச் செய்தார் என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்வரம் கற்றுக்கொள்ள வாய்ப்பு வந்தால் அவசியம் கற்றுக்கொள்ளுங்கள். காதுக்குத் தெரிந்தவற்றின் பெயர்கள் அப்போது தெரியவரும், மற்ற கலைஞர்களோடு பேசுவதும் எளிதாகும். அதற்காகப் பாட்டைக் காக்கவைக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் அந்த இரண்டு வரியை இன்றைக்கே சுருதியோடு பாடிப் பதிந்துவிடுங்கள்.